வீரமந்திரி எதிர்த்துத்தான் வாக்களித்தார்

கடலோடி:

நேற்று இங்கே பதிவேறிய நினைவுக் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு உறக்கம் கெட்டு இதை எழுதுகிறேன். இலங்கையின் நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரியைப் பற்றிச் செங்காந்தள் அம்மையார் எழுதிய அந்தக் குறிப்பின் முதல் வரியே, "அணு ஆயுதங்கள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 1996இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தவர்" என்று தொடங்குகிறது. அதன் கீழே நாற்பது பேர் கைகூப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நாற்பதில் ஒருவராவது மூல ஆவணத்தைப் புரட்டியிருந்தால் கை பாதியிலேயே நின்றிருக்கும்.

1996 ஜூலை 8ஆம் நாள் வெளியான அந்த ஆவணத்தின் 105ஆம் பத்தியில், ஆங்கில வரிசையில் ஐந்தாவதாக வரும் ‘இ’ உட்பிரிவுதான் விவகாரத்தின் உயிர்நிலை. அணு ஆயுதப் பயன்பாடு போர்ச் சட்டங்களுக்குப் பொதுவாக முரணானது என்று சொல்வது அந்த உட்பிரிவு மட்டுமே. அதன் மீது நடந்த வாக்கெடுப்பு ஏழுக்கு ஏழு எனச் சரிபாதியாகப் பிரிந்தது. தலைவராக இருந்த அல்ஜீரியாவின் பெஜாவி தமது தீர்மானிக்கும் வாக்கைப் போட்டதால்தான் நிறைவேறியது. எதிர்த்தவர்களின் பெயர்கள் அங்கேயே வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன: சுவேபல், ஓடா, கியோம், சகாபுதீன், வீரமந்திரி, கொரோமா, ஹிக்கின்ஸ். ஐந்தாவது பெயரைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். வீரமந்திரி எதிர்த்து வாக்களித்தார்.

செங்காந்தள்:

பெயர்ப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த கடலோடி ஐயாவுக்கு என் வணக்கம். பட்டியலுக்குப் பின்னால் நூறு பக்கத்துக்கும் மேலாக வீரமந்திரி எழுதிய மாறுபட்ட கருத்துரை இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதும் பயன்படுத்துவதாக மிரட்டுவதும் எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமே என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறார். ‘இ’ உட்பிரிவில் இரண்டு வாக்கியங்கள் உள்ளன. முதல் வாக்கியம் "பொதுவாக முரணானது" என்கிறது. இரண்டாவது வாக்கியம், ஓர் அரசின் இருப்பே கேள்விக்குள்ளாகும் கடைசிக் கட்டத் தற்காப்பு நிலையில் அது சட்டபூர்வமா, விரோதமா என்று அறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று கையை விரித்துவிடுகிறது. வீரமந்திரி அந்தப் "பொதுவாக" என்ற சொல்லையும் ஏற்கவில்லை, அந்தக் கைவிரிப்பையும் ஏற்கவில்லை. ஆகவே எதிர்த்தார். தீர்மானம் தமக்குப் போதவில்லை என்று எதிர்ப்பவருக்கும், தீர்மானமே வேண்டாம் என்று எதிர்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு கடலோடி ஐயாவுக்குத் தெரியாமல் இருக்காது; தெரிந்தே மறைக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

கடலோடி:

நான் எதையும் மறைக்கவில்லை. தங்கள் முதல் வரியில் இருப்பது "தீர்ப்பளித்தவர்" என்ற சொல். நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது. அவர் அதை எதிர்த்தார். ஊரார் வேண்டாம் என்று தேரை நிறுத்திவைத்த நாளில், தனியே வடத்தைப் பிடித்து நின்றவரைத் தேரோட்டியவர் என்று கல்வெட்டு வைப்பீர்களா? அதே 105ஆம் பத்தியின் ‘பி’ உட்பிரிவையும் பாருங்கள். அணு ஆயுதங்களை முழுமையாகவும் உலகளாவிய வகையிலும் தடைசெய்யும் விதி வழக்காற்றுச் சட்டத்திலும் இல்லை, உடன்படிக்கைச் சட்டத்திலும் இல்லை என்று 11க்கு 3 என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. அந்த மூவரும் சகாபுதீன், வீரமந்திரி, கொரோமா. ஆகவே "முற்றிலும் சட்டவிரோதம்" என்பது நீதிமன்றத்தின் சொல் அன்று. நீதிமன்றம் வெளிப்படையாக மறுத்த சொல். மறுத்ததை அவர் எதிர்த்தார், அரைகுறையாக ஏற்றதையும் அவர் எதிர்த்தார். இரண்டு இடத்திலும் தோற்ற தரப்பில் இருந்தவர் அவர்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இ’ உட்பிரிவை எதிர்த்த ஏழு பேரில் சுவேபல் அமெரிக்கர், ஹிக்கின்ஸ் பிரித்தானியர், கியோம் பிரெஞ்சுக்காரர். மூன்று அணு வல்லரசுகளின் நீதிபதிகளும் வீரமந்திரியும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். சீனாவின் ஷியும் ரஷ்யாவின் வெரெஷ்செதினும் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறார்கள். இதைச் சொல்லாத நினைவுக் குறிப்பு எவ்வகை நினைவுக் குறிப்பு?

புதுமுகம்:

ஐயா, அம்மா, இருவரையும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். 1996இல் வெளிவந்தது தீர்ப்பா, ஆலோசனைக் கருத்தா? ஐக்கிய நாடுகள் பொதுச் சபை கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் அளித்த பதில் அது என்றும், அத்தகைய பதில் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது என்றும் எங்கோ படித்த நினைவு. அப்படியானால் "தீர்ப்பளித்தவர்" என்ற சொல்லே இருவருக்கும் பொருந்தாதல்லவா? முதலில் அந்தச் சொல்லை வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றுகிறது.

நிறைகுடம்:

வீரமந்திரி பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் ஆசியாவிலிருந்து ஹேக் போன முதல் மனிதர் அவர்தான் என்பதுபோல் எழுதுகிறார்கள். இந்திய அரசியலமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகராக இருந்த பி. என். ராவ் 1952இலேயே அந்த நாற்காலியில் அமர்ந்தவர். நாகேந்திர சிங் 1973 முதல் 1988இல் மறையும் வரை அங்கே இருந்தார். 1985 முதல் அந்த நீதிமன்றத்தின் தலைவர். வீரமந்திரி 1997 முதல் 2000 வரை துணைத் தலைவர் மட்டுமே. தலைவரை மறந்துவிட்டுத் துணைத் தலைவருக்கு விழா எடுப்பது நம்மவர்களின் பழைய பழக்கம்.

செங்காந்தள்:

நிறைகுடம் ததும்பாது என்பார்கள், இங்கே ததும்புகிறது. ஆசியாவின் முதல் நீதிபதி என்று நான் எங்கும் எழுதவில்லை. இலங்கையிலிருந்து அந்த நீதிமன்றத்துக்குச் சென்ற முதல் நீதிபதி என்று எழுதினேன், அது உண்மை. துணைத் தலைவர் பதவி என்பது பெயர்ப்பலகைக்காக வைத்திருப்பது என்று நினைக்கிறீர்களா? 1999 மார்ச் மாதம் ஜெர்மானியக் குடிமகனான வால்டர் லகிராண்டுக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் மரண தண்டனை நிறைவேற்ற நாள் குறித்தாகிவிட்டது. ஜெர்மனி 2ஆம் தேதி மாலை ஹேக்கில் மனு போட்டது. நீதிமன்றத் தலைவர் சுவேபல் அமெரிக்கர் என்பதால் பதில் தலைவராக இருந்தவர் வீரமந்திரி. வாய்மொழி விசாரணை கூட இன்றி மறுநாளே தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லும் இடைக்கால உத்தரவு வந்தது. அரிசோனா அதைப் பொருட்படுத்தாமல் அன்றே தண்டனையை நிறைவேற்றியது. அத்தகைய இடைக்கால உத்தரவுகள் நாடுகளைக் கட்டுப்படுத்துபவை என்று 2001இல் அந்த வழக்கில்தான் நீதிமன்றம் முதன்முறையாக அறுதியிட்டது. துணைத் தலைவர் "மட்டுமே" என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடலோடி:

லகிராண்ட் வழக்கு இங்கே எதற்கு? கேட்ட கேள்விக்கு விடை இல்லாதபோது வேறொரு கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் உத்தி எனக்குப் புதிதன்று. அவர் ‘இ’ உட்பிரிவை எதிர்த்து வாக்களித்தாரா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை போதும்.

நிறைகுடம் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: நாகேந்திர சிங்கைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். நானே வந்து முதல் கருத்தை எழுதுகிறேன்.

ஏட்டுச்சுவடி:

இந்த வாக்குக் கணக்கை விட்டுவிட்டு அந்த மாறுபட்ட கருத்துரைக்குள் போனால் நமக்கு உவப்பான ஓர் இடம் இருக்கிறது. மனிதகுலம் அளவுமீறிய அழிவுக் கருவிகளை எல்லாக் காலத்திலும் விலக்கியே வந்திருக்கிறது என்று காட்ட வரும் வீரமந்திரி, 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம் குறுக்குவில்லைத் தடைசெய்ததைச் சொல்கிறார். மகாபாரதத்தில் அருச்சுனன் பாசுபதத்தைத் தொடுக்காமல் விட்டதைச் சொல்கிறார். இராமாயணத்தில், ஆயுதம் ஏந்தாதவர்களையும் சேர்த்துப் பகைவரின் குலத்தையே அழிக்கக்கூடிய படைக்கலத்தை இலக்குவன் கையில் எடுக்கும்போது இராமன் தடுப்பதையும் சொல்கிறார். கம்பனிலும் இந்த இடம் உண்டு. அயன் படையை, அதாவது பிரம்மாஸ்திரத்தை, விடட்டுமா என்று இளையவன் கேட்க, அது மூவுலகையும் சுட்டுவிடும் என்று அண்ணன் மறுப்பான். ஹேக்கின் அமைதி மாளிகையில் இராம இலக்குவர் சாட்சிக் கூண்டில் ஏறியது அநேகமாக அதுவே முதல் முறையாக இருக்கும். இதை வாசித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நிறைகுடம்:

கம்பனை இழுத்துவிட்டீர்கள், அடுத்த பாட்டையும் சேர்த்து இழுத்திருக்க வேண்டும். அண்ணன் தம்பியைத் தடுத்ததை மறைந்திருந்த இந்திரசித்து அறிந்துகொண்டான். அறிந்ததும் அதே அயன் படையைத் தானே முந்திக்கொண்டு தொடுத்தான். இலக்குவனும் வானர சேனையும் களத்தில் விழுந்தார்கள். எதிரியிடம் இருக்கும் ஆயுதத்தை நாம் மட்டும் அறத்தின் பெயரால் பூட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? ‘இ’ உட்பிரிவின் இரண்டாவது வாக்கியம், அரசின் இருப்பே கேள்விக்குள்ளாகும் கட்டம் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். நீதிபதி பாதிப் படலத்தோடு ஏட்டை மூடிவிட்டார்.

ஏட்டுச்சுவடி:

கம்பனை அணுகுண்டுக்கு வக்கீலாக்கிய பெருமை தங்களையே சேரும். விழுந்தவர்கள் மருத்துமலையின் மருந்தால் எழுந்தார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஹிரோசிமாவுக்கு அப்படி ஒரு மலையை யாரும் சுமந்து வரவில்லை. அயன் படை விழுந்த களத்தில் அனுமன் இருந்தான். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் இல்லை.

நிறைகுடம்:

அனுமன் வந்தான் என்பதற்காக இந்திரசித்து தொடுத்தது இல்லையென்று ஆகிவிடாது. தாங்கள் இலக்கியத்தோடு நின்றுகொண்டால் நல்லது, பாதுகாப்பு வேறு துறை.

செங்காந்தள்:

பாதுகாப்புத் துறையின் பாட்டையும் ஒரு முறை பாடிவிடலாம். 1995இல் இந்த ஆலோசனைக் கருத்துக்காக இந்திய அரசு நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் அளித்த வாதம் என்ன தெரியுமா? அணு ஆயுதப் பயன்பாடு சட்டவிரோதம் என்பதே. 1998 மே மாதம் பொக்ரானில் நடந்தது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் 2014இல் மார்சல் தீவுகள் இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா ஆகிய நாடுகள் மீது ஹேக்கில் வழக்குத் தொடர்ந்தபோது, அடித்தளமாக எடுத்துக்கொண்டது 1996ஆம் ஆண்டுக் கருத்தின் ‘எஃப்’ உட்பிரிவை. அணு ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்தி முடிக்கும் கடமை நாடுகளுக்கு உண்டு என்று ஒரு மனதாகச் சொன்ன உட்பிரிவு அது. வீரமந்திரியும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தார். 2016 அக்டோபரில் தகராறே இல்லை என்று சொல்லி நீதிமன்றம் மூன்று வழக்குகளையும் தள்ளிவிட்டது. பிரித்தானிய வழக்கில் வாக்கு எட்டுக்கு எட்டு. அங்கும் தலைவரின் தீர்மானிக்கும் வாக்கு. அது வந்து மூன்று மாதத்தில், 2017 ஜனவரி 5ஆம் நாள், தமது 90ஆவது வயதில் வீரமந்திரி மறைந்தார்.

கடலோடி:

‘எஃப்’ உட்பிரிவில் ஆதரித்தார் என்பதை நான் எப்போது மறுத்தேன்? ‘இ’ உட்பிரிவைக் கேட்டேன். ஆங்கில எழுத்தில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில் அம்மையாருக்கு இருக்கும் வேகம் வியக்கத்தக்கது. எதிர்த்து வாக்களித்தார் என்ற இரண்டே சொற்களை ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

செங்காந்தள்:

என் முதல் பதிலிலேயே "ஆகவே எதிர்த்தார்" என்று எழுதியிருக்கிறேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்க்கவும்.

உங்கள் கோபத்தின் ஊற்றுக்கண் எது என்று இங்கே பழகிய எல்லோருக்கும் தெரியும். சென்ற ஆண்டு இந்திய நீதிபதி ராதா பினோத் பால் பற்றிய இழையில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த தோக்கியோ நீதிமன்றத்தில் பால் "ஜப்பான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று விடுவித்தார்" என்று எழுதினீர்கள். 25 பேரும் குற்றவாளிகள் அல்லர் என்பது அவர் முடிவு என்றாலும், ஜப்பானியப் படைகள் செய்த கொடுமைகளை அவர் மறுக்கவே இல்லை, போர் தொடுத்தது அந்தக் காலச் சட்டப்படி தனிமனிதக் குற்றம் ஆகாது என்பதே அவர் வாதத்தின் முதுகெலும்பு என்று நான் திருத்தினேன். அன்று பட்ட காயத்துக்கு இன்று வீரமந்திரி மீது மருந்து போடுகிறீர்கள்.

கடலோடி:

பால் விவகாரத்தை யார் எடுக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். மிக்க மகிழ்ச்சி. அன்று தாங்கள் எனக்குச் சொன்னது என்ன? "மாறுபட்ட கருத்துரையை நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று எழுதக் கூடாது, அது ஒரு நீதிபதியின் தனிக் குரல்" என்றீர்கள். பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய வாசகம். இன்று வீரமந்திரியின் தனிக் குரலை ஹேக் நகரின் தீர்ப்பு என்று எழுதியிருப்பவர் யார்? பாலுக்கு ஒரு படி, வீரமந்திரிக்கு ஒரு படியா? அளக்கும்போது படியை மாற்றுகிற கடைக்காரரை ஊரில் என்னவென்று அழைப்பார்கள் என்பதை எழுத என் நாகரிகம் இடம் தரவில்லை.

வடமராட்சியான்:

இருவரும் சற்று ஒதுங்கினால் நானும் என் மனக்குறையைச் சொல்லிவிடுவேன். வீரமந்திரியின் எழுத்தில் அணுகுண்டுக் கருத்துரையைவிட 1997 செப்டம்பர் 25ஆம் நாள் வந்த டான்யூப் வழக்கின் தனிக் கருத்துரையே நெடுங்காலம் நிற்கும் என்பது என் எண்ணம். ஹங்கேரியும் செக்கோசுலோவாக்கியாவும் 1977இல் உடன்படிக்கை செய்து அணைத் தொகுதி ஒன்றைக் கட்டத் தொடங்கின. 1989இல் ஹங்கேரி வேலையை நிறுத்தியது. 1992இல் மறுகரைக்காரர்கள் ஆற்றைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். நீதிபதிகள் நேரில் போய் அணையைப் பார்த்தார்கள். அந்த நீதிமன்ற வரலாற்றில் நீதிபதிகள் களத்துக்கே சென்று பார்வையிட்டது அதுவே முதல் தடவை. இரு தரப்பும் தவறிழைத்தன என்று நீதிமன்றம் சொல்லி முடித்தது. நீடித்த வளர்ச்சி என்பதை நீதிமன்றம் ஒரு கருத்தாக்கம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோன இடத்தில், இல்லை, அது சட்ட வலுவுள்ள நெறி என்று வீரமந்திரி நின்று எழுதினார். அதற்குச் சான்றாக இலங்கையின் பழைய குளங்களைக் காட்டினார். வானத்திலிருந்து விழும் ஒரு சொட்டு நீரும் மனிதருக்குப் பயன்படாமல் கடலில் சேரக் கூடாது என்ற பராக்கிரமபாகு மன்னனின் கூற்றையும் எடுத்துக்காட்டினார்.

குளம் கட்டியவர்களின் பேத்தி பேரன்களாகிய எங்களுக்கு அது பெருமையே. ஆனால் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டு. அதற்கு ஆயிரம் ஆண்டு முந்திய புறநானூற்றின் 18ஆம் பாட்டில், நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்கியவர்களே இவ்வுலகில் தம் பெயரை நிறுத்தினவர்கள் என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லியிருக்கிறார். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்த ஒரு பெரிய மனிதரின் கண்ணுக்கு, பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கத்து அரசன் தெரிந்தான். அந்தப் பக்கத்துப் புலவன் தெரியவில்லை. அதுதான் என் மனக்குறை.

ஏட்டுச்சுவடி:

நல்ல பாட்டு, உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே என்ற வரியும் அந்தப் பாட்டில்தான் வருகிறது. ஆனால் அந்தத் தனிக் கருத்துரையில் தான்சானியாவின் சோஞ்சோ, சாகா மக்களின் வாய்க்கால்களும் பாரசீகத்தின் நிலத்தடி நீர்வழிகளும் கூடச் சொல்லப்பட்டிருக்கின்றன. தமக்கு எட்டிய சான்றுகளை அவர் அடுக்கினார். குடபுலவியனாரை ஹேக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்கு நாம் அவரை மொழிபெயர்த்துப் பரப்பினோமா என்ற கேள்வியை நம் பக்கமும் திருப்பலாம்.

வடமராட்சியான்:

குற்றத்தை நம் தலையிலேயே சுமத்திவிடுவதற்கு எப்போதும் ஓர் ஏட்டுச்சுவடி தயாராக இருக்கும். இராமனையும் அருச்சுனனையும் தேடிப் பிடித்தவருக்குப் புறநானூறு மட்டும் எட்டாத உயரத்தில் இருந்ததா?

கடலோடி:

குளத்தில் இறங்கியவர்கள் கரையேறினால் ஒரு செய்தியை நினைவூட்டுவேன். டான்யூப் வழக்கில் அவர் எழுதியது தனிக் கருத்துரை. பெரும்பான்மையோடு உடன்பட்டுத் தம் காரணங்களைச் சேர்த்தார். அணு ஆயுத விவகாரத்தில் எழுதியது மாறுபட்ட கருத்துரை, பெரும்பான்மையை எதிர்த்தார். வடமராட்சியான் இந்த வேறுபாட்டைச் சரியாகவே எழுதினார், பாராட்டுகிறேன். அந்த நேர்மை நினைவுக் குறிப்பின் முதல் வரியில் இல்லை.

செங்காந்தள்:

ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் கடலோடிக்கு ஒரு வாக்குச்சீட்டாகச் சுருங்கிவிட்டது. 1926இல் கொழும்பில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, ஒப்பந்தச் சட்டம் பற்றி இரண்டு பெருந்தொகுதிகள் எழுதி வெளியிட்ட 1967ஆம் ஆண்டிலேயே இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியானவர் அவர். ஐந்தே ஆண்டில் அந்தப் பதவியை விட்டுவிட்டு மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். நாற்பத்தைந்து வயதில் உச்ச நீதிமன்ற நாற்காலியை விட்டுக் கரும்பலகை முன் நிற்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? முஸ்லிம் அல்லாத அவர் 1988இல் இஸ்லாமியச் சட்டவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். நவ்ரு தீவின் பாசுபேற்று நிலங்கள் தோண்டிச் சூறையாடப்பட்டது பற்றிய விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். அந்த விவகாரம் நவ்ருவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான வழக்காக ஹேக்குக்கு வந்தபோது, தாம் ஏற்கெனவே விசாரித்த பொருள் என்பதால் அமர்வில் சேரவில்லை. 1993இல் ஆஸ்திரேலியா 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. 2007இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் சரியான வாழ்வாதார விருது அவருக்குக் கிடைத்தது. இவ்வளவும் என் குறிப்பில் இருக்கின்றன. கடலோடி ஐயா முதல் வரியைத் தாண்டவில்லை.

கடலோடி:

முதல் வரியில் வழுக்கியவர் இரண்டாம் வரிக்கு எப்படிப் போவது?

நவ்ருவைச் சொன்னது நல்லது, ஏனெனில் அது என் பக்கத்துச் சான்று. தாம் தொட்ட பொருள் என்று தெரிந்ததும் விலகி நின்ற அளவுக்குச் சொல்லிலும் செயலிலும் கறாரானவர் அவர். அத்தகைய மனிதர் தம்மை எவரும் "தீர்ப்பளித்தவர்" என்று அழைப்பதை ஏற்றிருக்க மாட்டார். தம் கருத்து தோற்றது என்று தெரிந்தே, தோற்ற கருத்தை நூறு பக்கத்துக்கும் மேல் எழுதியவர். தோல்வியை மறைத்து அவருக்கு மாலை போடுவது அவர் எழுதிய அந்த நூறு பக்கத்தையும் அவமதிப்பது. நான் அவரை மதிக்கிறேன், தாங்கள்தான் கொண்டாடுகிறீர்கள்.

புதுமுகம்:

மன்னிக்கவும், என் கேள்வி இன்னும் நிற்கிறது. தீர்ப்பா, ஆலோசனைக் கருத்தா? உலக நலவாழ்வு நிறுவனமும் இதே பொருளில் தனியாக ஒரு கேள்வி கேட்டது என்றும், அதை நீதிமன்றம் ஏற்கவில்லை என்றும் பார்த்தேன். அதிலும் வீரமந்திரி மாறுபட்டாரா?

கடலோடி:

மாறுபட்டார். 11க்கு 3. மீண்டும் அதே மூவர். இதோ, இன்னொரு எதிர்ப்பு வாக்கு. எண்ணிக்கொள்ளுங்கள்.

செங்காந்தள்:

அந்த நிறுவனத்துக்கு அப்படிக் கேட்கும் அதிகாரம் இல்லை என்று பெரும்பான்மை சொன்னதை எதிர்த்தார், அதாவது கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் எதற்காக எதிர்த்தார் என்பதை விட்டுவிட்டு எதிர்த்தார் என்பதை மட்டும் கடலோடி ஐயா பொறுக்கி எடுக்கிறார். ஜப்பானின் ஓடாவும் ‘இ’ உட்பிரிவை எதிர்த்தார். கேள்விக்கு விடை சொல்வதையே எதிர்த்த ஒரே நீதிபதி அவர். இருவரையும் ஒரே கூடையில் போடுவதற்குப் பெயர் கணக்கா?

கடலோடி:

அச்சிட்ட பட்டியல் போட்ட கூடை அது. நான் பின்னியதன்று.

நிறைகுடம்:

இரு தரப்பும் சற்று ஓய்ந்திருப்பதால் கேட்கிறேன். நாகேந்திர சிங்கைப் பற்றித் தனி இழை தொடங்கிவிட்டேன். முதல் கருத்தைக் கடலோடி ஐயா எழுதுவதாக வாக்களித்திருந்தார். மூன்று மணி நேரமாக அங்கே ஆளே இல்லை.

கடலோடி:

வருகிறேன். அதற்கு முன் இங்கே ஒரு வேலை பாக்கி. செங்காந்தள் அம்மையார் சற்று முன்னர் நினைவுக் குறிப்பின் முதல் வரியை ஓசையின்றித் திருத்தியிருப்பதைக் கவனித்தேன். "தீர்ப்பளித்தவர்" போய் "அறுதியிட்டு உரைத்தவர்" என்று வந்திருக்கிறது. திருத்தியதற்கான குறிப்பு கீழே இல்லை. எதிர்த்து வாக்களித்தார் என்ற சொற்களும் இன்னும் வரவில்லை.

செங்காந்தள்:

ஓசை நயத்துக்காக மாற்றினேன். தங்களுக்காக அன்று.